தேறலும் தோட்டத்துக் கள்ளும்

சங்கப் பாடல்களில் வரும் 'தேறல்' என்னும் சொல்லுக்குக் 'கள்' என்று உரை கூறி அமைவது வழக்கம். ஆயின் கோலாலம்பூரிலும் கிள்ளான் வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கள் என்றவுடன் தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவிற்கு வருவது இயல்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லும் வரலாறும் ஒருங்கே காட்டுகின்றன.

தேறுதல் என்பதற்குத் தெளிதல் என்பது ஒரு பொருள். வண்டல் கீழே படிய, மேலே தெளிந்து நிற்கும் மதுவே தேறல். அது நாட்பட நாட்பட முதிர்வது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், நிலத்துள் புதைத்து முதிரவைத்த மதுவைக் குறிக்கின்றார். திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளைக் கூறுகின்றன. தேனால் ஆகிய மது நெடுநாள் கெடாது நிற்கும் இயல்புடையது. இதனை மலைவாழ் மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கடல் கடந்து வந்த தேறலும் உண்டு. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அவன் நாடோறும் மகிழ்ந்து பருகுமாறு பாடினார். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலாகிய பெரிப்ளுஸ், முசிறிக்கும் பாண்டியர்க்குரிய நெல்கிந்தாவுக்கும் வந்த பொருள்களுள் மதுவைச் சேர்த்து, அது மிகுதியன்று என்றும் குறிக்கின்றது. எனவே அஃது அரசர்க்கு வாய்த்த அரும்பொருள் என்று கொள்ளலாம். 1945-இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இருகைப் பிடியுள்ள மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன; திராட்சை மது அத்தகைய சாடிகளிலேயே வந்தது. உரோமர் போற்றிய பலேர்னிய மதுவில் இனிப்பு வகையும் இருந்தது. அதனை ஆண்டுக்கணக்கில் முதிரவைத்தே பருகினர்.

தேறலின் சிறப்பு முதுமையில் மட்டும் இல்லை. அதனை வழங்கும் முறையிலும் இருந்தது. சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் தம்மோடு கூடி உண்டு மகிழ்வான் என்று மறைந்த அதியமானை எண்ணி ஔவையார் இரங்கினார். அங்கே மது விலைப்பொருளன்று, கொடைப்பொருள். எனினும் அதன் தீமையை வள்ளுவர் மறந்தாரல்லர்; கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார்.

மலாயாவில் நேர்ந்தது முற்றும் வேறு. தென்னங்கள் இறக்கிய உடனே புளிக்கத் தொடங்குவது. ஓரிரு நாளில் காடியாகிவிடும். அதனை முதிரவைத்தல் இயலாது. அன்றன்றே விற்றாக வேண்டும். உரிமம் பெற்ற கடைகள் தோட்டங்களிலேயே இருந்தன. பால்வெட்டிப் பெற்ற கூலியின் ஒரு பகுதி தொழிலாளர் குடியிருப்பின் அருகிலேயே கரைந்தது.

இதனை எதிர்த்த குரல் கிள்ளானில் எழுந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. அவர்க்குத் துணைநின்ற ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

கூலி உயர்வு கேட்டவர்கள் அக்கூலியை விழுங்கும் கடையையும் மூடக் கோரியது அவர்தம் தெளிவைக் காட்டுகின்றது. ஆதலின் புறநானூறு பயிற்றும் ஆசிரியர், தேறலுக்குக் கள் என்று கூறியதோடு நில்லாது, அதனை யார் யார்க்கு எவ்வாறு வழங்கினர் என்பதையும் விளக்குதல் வேண்டும். அதியமான் அளித்த கலத்தையும் தோட்டத்துக் கடையில் விற்ற கலத்தையும் ஒன்றெனக் கொண்டால், பழம்பாட்டின் பொருளும் விளங்காது. கிள்ளான் தொழிலாளரின் போராட்டமும் விளங்காது.