ஆண்டு இல்லாத நூலுக்கு என்ன எழுதுவது?

பழைய நூல்களைச் சான்றாகக் காட்டும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "சார், இதுல வருஷமே இல்லையே, என்ன போடறது?" சிலர் காலியாக விட்டுவிடுவார்கள். சிலர் உத்தேசமாக ஓர் ஆண்டைப் போட்டுவிடுவார்கள். வரலாற்றுக் கட்டுரையில் இரண்டுமே சரியில்லை.

முதலில், ஆண்டு உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். பழைய தமிழ் நூல்கள் சிலவற்றில் 'சர்வசித்து வருஷம்' என்பதுபோல் பெயர் மட்டும் இருக்கும். இந்தப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழ் தொடங்கிய 1887 சர்வசித்து; இந்தியா விடுதலை பெற்ற 1947உம் சர்வசித்துதான். எது என்று நூலின் உள்ளே இருக்கும் செய்திகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றிப் பிடித்துவிட்டால் கட்டுரையின் வாதமே கவிழ்ந்துவிடும். இன்னொன்று, தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே மாதம் தெரியாவிட்டால் 1887–88 என்றே எழுதுங்கள்.

ஜப்பானியர் காலத்து வெளியீட்டில் 2603 என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு. 660ஐக் கழித்தால் 1943. ஆண்டே இல்லாமல், அச்சிட்ட ஊர் 'சியோனான்' என்று மட்டும் இருந்தாலும் போதும். சிங்கப்பூருக்கு அந்தப் பெயர் 1942 முதல் 1945 வரைதான் இருந்தது.

இனி எழுதும் முறை. நூலில் இல்லாமல் நாமே கண்டுபிடித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்: [1943]. உறுதி இல்லையென்றால் [1943?]. எல்லை மட்டும் தெரிந்தால் [1942–1945]. ஒன்றுமே கிடைக்காவிட்டால் 'ஆண்டு இல்லை' என்று எழுதுங்கள். ஊரும் பதிப்பாளரும் தெரியாதபோதும் அப்படித்தான். எப்படிக் கணித்தோம் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் படிப்பவர் சரிபார்த்துக்கொள்வார்.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1872இல் வந்த 'முனாஜாத்துத் திரட்டு'. 'முதல் நூல்', 'முதல் இதழ்' என்ற பேச்செல்லாம் ஆண்டை நம்பித்தான் நிற்கிறது. நாம் அடைப்புக்குறி இல்லாமல் போடும் ஓர் ஊகத்தை அடுத்த மாணவர் உண்மை என்று எடுத்தாளுவார். அவரைப் பார்த்து மூன்றாமவர் எழுதுவார். அதற்குப் பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.