குமரிக் கடற்கரை மணலும் கனிமத் தேர்வும்

குமரிமுனைக் கடற்கரையில் வெண்மணலும் செம்மணலும் கருமணலும் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடத்தலைக் காண்கின்றோம். குமரித் தெய்வத்திற்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நிகழவிருந்த மணம் தடைப்பட்டமையால், மணவிருந்திற்குக் குவித்த அரிசியும் பிற தவசங்களும் மணலாய் மாறின என்பது அப்பகுதி மக்களிடை வழங்கும் கதை. ஒரே கரையிற் கிடக்கும் மணல் ஒரு பொருளன்று, பல பொருட் கலவை என்னும் உண்மையை அக்கதை உட்கொண்டிருத்தல் நோக்கற்பாலது. தவசங்களை நிறத்தால் பிரித்தறிதல் போல மணலையும் மக்கள் நிறத்தால் பிரித்தறிந்தனர். கனிமங்களைத் தேர்ந்தறியும் பிற முறைகள் நம் மொழியில் எவ்வாறு பதிந்துள்ளன என்பதனையும், அவை இருந்தும் இம்மணலின் மதிப்பை வேற்று நாட்டார் முந்தி அறிந்தது எவ்வாறு என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

இம்மணலின் தாய்நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளாம். வெயிலும் மழையும் அவற்றைச் சிதைக்க, கடியபட்டினத்தருகே கடலொடு கலக்கும் வள்ளியாறு முதலியன அச்சிதைவைக் கொண்டு சேர்க்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் அலைகள் கரையை மோதி மீளும். மீளும்போது இலேசான துகள்களை உடன்கொண்டு செல்லும். கனத்தவை கரையிலேயே தங்கும். குவார்ட்சு என்னும் படிகத்தின் ஒப்படர்த்தி 2.65, சில்லிமனைட் 3.2, கார்னெட் ஏறத்தாழ 4, ரூட்டைல் 4.2, இல்மனைட்டும் சிர்க்கானும் ஏறத்தாழ 4.7, மோனசைட் 5ஐ ஒட்டியது. மணவாளக்குறிச்சிக் கரையிற் கருமணல் திரளுதற்கு இவ்வெடை வேற்றுமையே காரணம்.

இச்செயலைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் ஒன்றுண்டு. 'கொழித்தல்' என்பது முறத்திலிட்டு அரிசியினின்றும் கல்லையும் நொய்யையும் பிரித்தலைக் குறிக்கும். அலையும் அருவியும் பொருள்களை ஒதுக்கிக் கரைசேர்த்தலையும் குறிக்கும். ஆறு பொன்னும் மணியும் கொழித்து வருவதாகப் பாடுதல் புலவர் மரபு. முறமும் அலையும் ஒரே சொல்லாற் குறிக்கப்பெற்றமை தற்செயல் அன்று என்பது நம் கருத்து. இரண்டிடத்தும் நிகழ்வது எடை வேற்றுமையாற் பிரித்தலே.

மற்றொரு தேர்வு உரைகல். பொன்னைக் கல்லில் உரைத்து, விழுந்த கீற்றின் நிறத்தால் அதன் மாற்றினை அறிவது பொற்கொல்லர் வழக்கு. இன்று கனிமநூலார் மெருகிடாத பீங்கான் தகட்டில் கனிமத்தை உரைத்து அதன் தூள்நிறம் காண்பதும் இம்முறையை ஒத்ததே. மணிகளின் வகையும் குற்றமும் சிலப்பதிகார ஊர்காண் காதையிலும், திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயின் இத்தேர்வுகள் விலையுயர்ந்த மணிக்கும் பொன்னுக்குமே உரியனவாய் நின்றன. காலில் மிதிபடும் மணலை எவரும் அவ்வாறு தேரவில்லை. நம்மிடம் முறை இருந்தது. தேர்தற்குரிய பொருள் எது என்னும் எண்ணமே இல்லை.

அவ்வெண்ணம் புறத்தேயிருந்து வந்தது. ஆஸ்திரிய வேதியலறிஞர் கார்ல் அவுவர் வாயு விளக்குக்கு ஆக்கிய 'மேண்டில்' என்னும் வலைப்பைக்குத் தோரியம் இன்றியமையாததாயிற்று. அதனைத் தரும் மோனசைட் பிரேசில் நாட்டுக் கரையிலிருந்து பெரிதும் கிடைத்து வந்தது. 1909இல் ஜெர்மானியராகிய ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருத்தலைக் கண்டார். கயிறு திரித்த கைகளில் நாள்தோறும் உறுத்திய மணல், கடல் கடந்தபின் பெயர் பெற்றது. விரைவில் மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலை எழுந்தது. 1914இல் போர் மூண்டபின் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

எடையொத்த இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றை அலையோ முறமோ பிரித்தல் அரிது. ஈண்டு வேறு பண்புகள் துணைசெய்கின்றன. காந்தம் இல்மனைட்டை எளிதில் ஈர்க்கும். மோனசைட்டை வலிய காந்தமே ஈர்க்கும். சிர்க்கானையும் ரூட்டைலையும் ஈர்க்காது. ரூட்டைல் மின்கடத்தும், சிர்க்கான் கடத்தாது. மோஸ் 1812இல் வகுத்த வன்மை அளவையில் குவார்ட்சு 7, சிர்க்கான் 7.5 ஆதலின் அதனைக் கீறும். தேன்மஞ்சள் நிறமும் பிசினொத்த மிளிர்வும் உடைய மோனசைட் 5 முதல் 5.5 வரையே ஆதலின் கீறாது. தொடக்கத்தில் கழிவெனத் தள்ளப்பட்ட இல்மனைட், 1920களில் வெண்சாயத்திற்கு மூலப்பொருளாய் ஏற்றுமதியாயிற்று. கரிய மணலினின்றும் வெண்மை பிறத்தலால், நிறம் ஒன்றனையே கொண்டு மதித்தல் எத்துணைக் குறையுடைத்து என்பது விளங்கும்.

கண்ணும் கையும் அறியாத பண்பொன்றும் இதற்குண்டு. மோனசைட்டிலுள்ள தோரியம் கதிர்வீசுவது. ஆதலின் இக்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. 1950இல் தோன்றிய இந்திய அருமணல் நிறுவனம் 1960களில் மணவாளக்குறிச்சித் தொழிலை ஏற்றது. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நிலமும் தொழிலும் கைம்மாறிய போதும், மணலை எடுப்பதா விடுப்பதா என்னும் வினாவில் கரைவாழ் மீனவர் குரல் இறுதியிலேயே கேட்கப்பட்டு வந்துள்ளது. கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்திற்கு அண்மையாண்டுகளில் எழுந்த எதிர்ப்பும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

எனவே நாம் செய்யக்கடவது ஒன்றுண்டு. மணலையும் அலையையும் கரையின் ஏற்றத்தாழ்வையும் குறித்து அம்மக்கள் வழங்கும் சொற்களை ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். அவற்றுள் கொழித்தல் போன்ற சொற்கள் இன்னும் எத்துணை உளவென்று நாம் அறியோம். கரை பெயர்க்கப்பட்டு ஊர் இடம்பெயருமாயின் அச்சொற்களும் உடன் மறையும். பின்னர்த் தொகுப்பார்க்கு அவை கிடையா.