புதுச்சேரிக் கடற்கரை: அரிப்பும் மீட்பும்

புதுச்சேரி நகரின் கிழக்கு விளிம்பில், காந்தி சிலைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் முன்னால் ஒரு காலத்தில் அகன்ற மணற்கரை இருந்தது. துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் அது மறைந்தது. 2018-க்குப் பிறகு அதில் ஒரு பகுதி மீண்டும் உருவாக்கப்பட்டது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தத் திசை மாறும். வடக்கே தள்ளும் மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. இதன் குறுக்கே கல்சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். 1876-இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும், இராயபுரம் தன் கரையை இழந்ததும் இப்படித்தான்.

புதுச்சேரியில் 1986-க்கும் 1989-க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. சென்னையின் அனுபவம் தெரிந்தே கட்டினார்கள். முகத்துவாரத்தில் தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அது தொடர்ந்து இயக்கப்படவில்லை. நகரம் தன் கடற்கரையை இழந்ததற்குக் கடலின் சீற்றத்தைவிட இந்தக் கைவிடலே பெரிய காரணம்.

தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் பரந்தது. நகரக் கரையில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே ஏறி, மாநில எல்லை தாண்டித் தமிழகத்தின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போயிற்று. படகை இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் கரைவலை இழுக்கவும் மீனவர்களுக்கு இடமில்லாமல் போனது. அலை வீட்டு வாசலுக்கே வந்தது, வீடுகளும் விழுந்தன. ஒவ்வொரு குப்பமும் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்சுவர்) கேட்டதில் வியப்பில்லை. ஓர் ஊரில் வளைவு கட்டினால் அதற்கு வடக்கே உள்ள ஊர் கரையை இழக்கிறது என்பதை அந்த மக்களே நேரில் கண்டார்கள்.

வடக்கே வந்து சேராத மணலில் ஒரு பங்கு முகத்துவாரத்தையே அடைத்தது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் படகுகள் மணல் திட்டில் தட்டிக் கவிழ்வது வழக்கமான செய்தியாகிவிட்டது. தூர்வாரும் பணி அவ்வப்போது நடக்கும். பின்னர் வாய்க்கால் மறுபடி தூர்ந்துபோகும்.

தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்த மீட்புத் திட்டம் இவ்விரு சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பு கடலடியில் இறக்கப்பட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இந்தச் செயற்கைத் திட்டின்மேல் அலை உடைந்து வலுவிழக்கிறது. அதற்கும் கரைக்கும் இடையே மணல் படிகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. சில மாதங்களிலேயே மணற்கரை தெரிந்தது. அந்தக் கரையில் கால் நனைத்தே அறியாத ஒரு தலைமுறை அங்கே விளையாடியது.

செயற்கைத் திட்டு மணலைப் பிடித்து நிறுத்துமே தவிர, புதிதாக மணலை உண்டாக்காது. வடக்கே உள்ள குப்பங்களுக்கு அதனால் பாதுகாப்பும் இல்லை. முகத்துவாரத்து மணல் ஆண்டுதோறும் தவறாமல் வடக்கே சேர்க்கப்பட வேண்டும். 1989-க்குப் பிறகு செய்யத் தவறிய அந்த வேலையைப் புதுச்சேரி, தமிழக அரசுகள் இரண்டும் சேர்ந்து நிரந்தரப் பொறுப்பாக ஏற்காதவரை, புதுச்சேரிக் கடற்கரை மீட்கப்பட்டதாகச் சொல்ல இயலாது.