ஆடம்பரத் துறப்பும் இழப்பின் பங்கீடும்: டெட்ரோயிற் முதல் திருகோணமலை வரை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் உள்ளன. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை அவை. 2022ஆம் ஆண்டில் இக்குதங்களிற் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் அயலிலேயே மக்கள் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றனர்; எரிபொருள் கிடைக்காத கடற்றொழிலாளர் தம் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவைத்தனர். அவ்வாண்டு மே மாதம் 9ஆம் திகதி பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச, மறுநாள் அலரி மாளிகையிலிருந்து அகற்றப்பட்டு, வான்வழியே திருகோணமலைக் கடற்படைத் தளத்தை அடைந்தார். தளத்தின் வாயிலில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஆகாயத்தில் வந்தவர், வரிசையில் நின்றவர் என்னும் இம்முரண்பாடு எமக்கு மட்டும் உரியதன்று. 2008இல் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலின் நெருக்கடியின்போதும் இதே காட்சி தோன்றிற்று. இரண்டிலும் ஆடம்பரம் கண்டனத்துக்குள்ளாயிற்று. இரண்டிலும் பின்னர் பொதுநிதி கொண்டு மீட்பு நிகழ்ந்தது. கண்டனத்துக்கும் மீட்புக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ், ஃபோர்ட், கிறைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்களும் அமெரிக்கக் காங்கிரசிடம் 25 பில்லியன் டொலர் உதவி கேட்டு வாஷிங்டன் சென்றனர். மூவரும் தத்தம் நிறுவனத்தின் தனி விமானத்தில் வந்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. ஏழை ஒருவன் பட்டுடுத்து இரக்க வந்தாற்போன்ற இந்நிகழ்வு நாடெங்கும் ஏளனத்துக்குள்ளாயிற்று. டிசம்பரில் அவர்கள் மீண்டும் வந்தபோது டெட்ரோயிற்றிலிருந்து காரிலேயே வந்தனர். ஆண்டுக்கு ஒரு டொலர் சம்பளம் பெறவும் முன்வந்தனர்.

இவ்வொரு டொலர் புதிதன்று. 1980 ஜனவரியில் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு 1.5 பில்லியன் டொலர் கடன் உத்தரவாதம் அளிக்கும் சட்டம் கைச்சாத்தானபோது, அதன் தலைவர் லீ அயக்கோக்கா ஒரு டொலர் சம்பளம் என்னும் அறிவிப்பாற் புகழ் பெற்றிருந்தார். அதே சட்டம் தொழிலாளரிடமிருந்து 460 மில்லியனுக்கும் மேற்பட்ட டொலர் பெறுமதியான விட்டுக்கொடுப்புகளைக் கோரிற்று. நிறுவனம் மீண்டபின், 1986ஆம் ஆண்டில் மட்டும் அயக்கோக்காவின் வருமானம் 20 மில்லியன் டொலரைத் தாண்டிற்று. தலைவரின் துறவு தற்காலிகமானது. தொழிலாளரின் இழப்போ ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது.

2008 டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி புஷ் 17.4 பில்லியன் டொலர் கடனை அறிவித்தார். அதன் நிபந்தனைகள் ஊன்றி நோக்கத்தக்கவை. தனி விமானங்களைக் கைவிடுதல் ஒரு நிபந்தனை. அமெரிக்காவில் இயங்கும் அந்நிய வாகன நிறுவனங்களின் ஊழியர் பெறும் கூலிக்கு நிகராகத் தொழிலாளர் கூலியைக் கொணர்தல் மற்றொரு நிபந்தனை. விமானமும் கூலியும் ஒரே ஆவணத்தில், ஒரே தராசின் இரு தட்டுகளில் வைக்கப்பட்டன. தலைவர் தம் விமானத்தைத் துறந்துவிட்ட நிலையில், தொழிலாளி தன் கூலியைத் துறக்க மறுப்பது பேராசையாகக் காட்டப்படலாயிற்று.

விளைவுகள் வெளிப்படையானவை. 2007இல் வேரூன்றிய இருமட்டக் கூலிமுறை விரிவடைந்தது. ஏறத்தாழ 28 டொலர் மணிக்கூலி பெறும் ஒருவரின் அருகில் புதிதாய்ச் சேர்ந்தவர் ஏறத்தாழ அதன் அரைப்பங்குக்கு உழைத்தார். ஓய்வுபெற்றோரின் மருத்துவ நிதிக்குச் சேரவேண்டிய தொகையின் ஒரு பகுதி பணமாக அன்றிப் பங்குகளாக வழங்கப்பட்டது. ஜெனரல் மோட்டர்ஸிலும் கிறைஸ்லரிலும் 2015 வரை கூலிக்காக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கைவிடப்பட்டது. இதே காலத்தில், 2009 மார்ச்சில், அரசால் மீட்கப்பட்ட ஏ.ஐ.ஜி. காப்புறுதி நிறுவனம் தன் நிதிப்பிரிவினருக்கு 165 மில்லியன் டொலர் ஊக்கத்தொகை வழங்கிற்று. ஒப்பந்தத்தை மீறவியலாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஒரு வர்க்கத்தின் ஒப்பந்தம் புனிதமானது. மற்றொரு வர்க்கத்தின் ஒப்பந்தம் திருத்தத்தக்கது.

இனி இலங்கைக்கு வருவோம். ஓர் அரசும் ஒரு நிறுவனமும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் மீட்பின் தருக்கம் இங்கும் அதுவே. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கவென வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறுஆண்டே நாடாளுமன்ற உறுப்பினர் முதலானோருக்கு ஏறத்தாழ 400 வாகனங்களை இறக்குமதி செய்ய வகுத்த திட்டம், மக்களின் எதிர்ப்பின்பின் இடைநிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திற்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது.

அதனைத் தொடர்ந்து, 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. வங்கிகளின் வசமிருந்த திறைசேரி முறிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி முதலான ஓய்வுகால நிதிகளின் முறிகள் உட்படுத்தப்பட்டன. புதிய முறிகளின் வட்டி தொடக்கத்தில் 12 வீதம், பின்னர் 9 வீதம். மாற்றத்துக்கு இணங்காத நிதிகளுக்கு வருமானவரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாக உயரும் என விதிக்கப்பட்டது. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன, அவை தளர்ந்தால் வைப்பாளர் பாதிக்கப்படுவர் என அரசு வாதிட்டது. இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயின் வங்கியின் உறுதிப்பாட்டுக்குரிய விலையைத் தொழிலாளியின் முதுமை ஏன் செலுத்தவேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை. திருகோணமலையின் மாவாலையிலும் சீமெந்து ஆலையிலும் மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்பட்டுச் சேர்ந்த பணமும் அந்நிதியிலேயே உள்ளது.

2025இல் புதிய அரசாங்கம் ஜனாதிபதி செயலகத்தின் ஆடம்பர வாகனங்களை ஏலத்தில் விற்றது. மக்கள் இதனை வரவேற்றனர், நாமும் வரவேற்கின்றோம். ஆயினும் டெட்ரோயிற்றின் விமானங்கள் கற்பித்த பாடம் மறக்கற்பாலதன்று. ஆடம்பரம் நெருக்கடியின் காரணமன்று. இழப்பிலிருந்து யார் விலக்கப்பட்டுள்ளனர் என்பதன் அடையாளம் மாத்திரமே. அடையாளத்தை ஏலத்தில் விற்றுவிடலாம்; விலக்கு அப்படியே நிலைத்திருக்கலாம்.

எனவே விமானத்தின் விலையையோ காரின் விலையையோ கணக்கிடுவதோடு எமது ஆய்வு நின்றுவிடலாகாது. மீட்பு ஒப்பந்தத்தில் எவருடைய ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, எவருடையது காக்கப்பட்டது எனக் கேட்டலே வரலாற்றாய்வின் கடன். சீனக்குடாவின் வெற்றுக் குதங்களின் அயலில் வரிசையில் நின்றோர் எழுப்பிய வினாவும் அதுவேயென்பது எமது துணிபு.