இலந்தை

இலந்தை தெற்காசியாவின் வறண்ட நிலங்களில் தானாக முளைத்து வளரும் முள் மரம். அதன் பழமும் இதே பெயரால் வழங்குகிறது. பேச்சு வழக்கில் இது எலந்தை. இந்தியில் பேர், தெலுங்கில் ரேகு, வடமொழியில் பதரி என்பார்கள். தாவரவியல் பெயர் சிசிபஸ் மௌரிசியானா. ராம்னேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. பாய்ச்சத் தண்ணீரும் போட உரமும் இல்லாத நிலத்தில் காய்த்து, விலை கொடுத்துப் பழம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கும் வைட்டமின் சி தருவது இதன் தலையாய சிறப்பு.

மரமும் பழமும்

இலந்தை 3 முதல் 12 மீட்டர் உயரம் வரை வளரும். கிளைகள் வளைந்து தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும். இலையின் மேற்புறம் கரும்பச்சையாகப் பளபளக்கும். அடிப்புறத்தில் வெண்மையான மென்மயிர் அடர்ந்திருக்கும். காம்பு சேரும் இடத்திலிருந்து மூன்று நரம்புகள் இலை நெடுகிலும் ஓடும். இந்த மூன்று நரம்பை வைத்தே மரத்தை எளிதில் அடையாளம் காணலாம். இலைக்காம்பின் அடியில் பெரும்பாலும் இரண்டு முட்கள் இருக்கும். ஒன்று நேரானது, மற்றது பின்னோக்கி வளைந்தது. பழம் பறிக்கப் போகிறவரின் கையைக் கீறுவதும் சட்டையைப் பிடித்துக்கொள்வதும் அந்த வளைந்த முள்தான்.

ஆழமாக இறங்கும் ஆணிவேர் இதற்கு வறட்சியைத் தாங்கும் வலுவைத் தருகிறது. கடுங்கோடையில் இலைகளை உதிர்த்து நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு, மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும். அப்படித் துளிர்த்த புதுக்கிளைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். ஈக்களும் தேனீக்களும் மகரந்தத்தைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் மார்கழி முதல் மாசி வரை பழக்காலம். காட்டு மரத்தின் பழம் 1 முதல் 2.5 செ.மீ. குறுக்களவே இருக்கும், வளர்ப்பு ரகங்களில் 6 செ.மீ. நீளமுள்ள பழங்களும் உண்டு. பச்சைக் காய் மஞ்சளாகிப் பிறகு செம்பழுப்பாக மாறும். சதைக்குள் கெட்டியான ஒரே கொட்டை இருக்கும்.

நெருங்கிய இனங்கள்

சீன இலந்தை எனப்படும் சிசிபஸ் ஜுஜுபா குளிர்நாடுகளுக்கு உரியது. சீனத்திலும் கொரியாவிலும் அதைப் பெரும்பாலும் உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள். கடைகளில் சிவப்புப் பேரீச்சை என்று விற்கப்படுவது இதுவே. பேரீச்சைக்கும் இதற்கும் உறவில்லை. நம் ஊர்க் காடுகளில் கொடியாகப் படரும் சூரைமுள் இதே பேரினத்தைச் சேர்ந்தது. ராஜஸ்தானின் மணல்வெளிகளில் புதராக வளரும் சிற்றிலந்தை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் முக்கியமான தீவனம். அரபு நாடுகளில் சித்ர் என்று போற்றப்படும் மரமும் இந்தப் பேரினமே.

வரலாறும் வழிபாடும்

இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியில் உள்ள மெஹர்கர் புதிய கற்கால ஊர் அகழ்வில் இலந்தைக் கொட்டைகள் கிடைத்துள்ளன. வேளாண்மையின் தொடக்க காலத்திலேயே மனிதர் இதை உண்டார்கள் என்பதற்கு அது சான்று. புறநானூற்றில் ஊர் மன்றத்தில் நிற்கும் மரமாக, இரத்தி என்ற பெயரில் இலந்தை இடம்பெறுகிறது.

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர்ச் சிவன் கோயிலின் தலமரம் இலந்தை. இமயத்தில் உள்ள பத்ரிநாத்தின் பெயரோடும் இம்மரம் இணைத்துப் பேசப்படுகிறது. அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்தில் மூன்று பழைய இலந்தை மரங்களைச் சீக்கியர் புனிதமாகக் காத்து வருகின்றனர். சபரி கடித்துச் சுவை பார்த்து இராமனுக்கு ஊட்டிய கனி இலந்தை என்பது பக்தி மரபில் வேரூன்றிய நம்பிக்கை. தெலுங்கு மக்கள் போகிப் பண்டிகை மாலையில் இலந்தைப் பழத்தோடு பூவும் காசும் கலந்து குழந்தைகளின் தலையில் சொரிந்து கண்ணேறு கழிப்பார்கள். வங்காளத்தில் சரஸ்வதி பூசை முடியும்வரை மாணவர்கள் இலந்தையைத் தொடமாட்டார்கள்.

உணவாக

பழத்தைக் கையில் கிடைத்தபடி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதே தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். பள்ளிக்கூட வாசல்களில் கூறு கட்டியும் படியால் அளந்தும் விற்ற பண்டம் இது. 1968இல் வந்த ‘பணமா பாசமா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டு, தெருவில் கூவி விற்ற இந்தப் பழத்தைத் தமிழகம் முழுவதும் பேச வைத்தது.

பழக்காலம் கடந்தும் சுவையைக் காக்கப் பெண்கள் கண்ட வழி இலந்தை வடை. சில ஊர்களில் இது இலந்தை அடை. நன்கு பழுத்த பழங்களைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, காய்ந்த மிளகாய், உப்பு, புளி, வெல்லம், பெருங்காயம் சேர்த்து உரலில் இடிப்பார்கள். கொட்டை நொறுங்காமல் சதை மட்டும் மசியும்படி இடிப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பிறகு வட்டமாகத் தட்டி, நீர் வற்றும்வரை வெயிலில் காயவைப்பார்கள். ஈரம் இல்லாமல் எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆந்திரத்தில் இதையே ரேகு வடியம் என்பர். வங்காளத்தில் வெல்லம் சேர்த்த ஊறுகாய் பெயர்பெற்றது. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் இதே பழத்தை மசாவு என்ற பெயரில் உலர்த்தி உண்கிறார்கள். புளிக்கவைத்து மதுவும் வடிக்கிறார்கள்.

மருத்துவ மரபில்

சரக சம்ஹிதை இலந்தையை அளவு வாரியாகக் குவலம், பதரம், கர்க்கந்து என்று பிரித்துச் சொல்கிறது. இதயத்துக்கு இதமான பொருள்களின் பட்டியலிலும், வாந்தியை நிறுத்தும் பொருள்களின் பட்டியலிலும் இலந்தை இடம்பெறுகிறது. சித்த மருத்துவத்திலும் நாட்டு வைத்தியத்திலும் இலை, பட்டை, வேர், பழம் நான்கும் பயன்படுகின்றன. துவர்ப்பு மிகுந்த பட்டையின் கஷாயத்தை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள். பசியின்மைக்கும் பித்த வாந்திக்கும் பழம் தருவார்கள். இலையை அரைத்துக் கட்டிகளின் மேல் பற்றுப் போடுவதும், தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் உண்டு. இலையில் உள்ள சபோனின்கள் நுரைத்து அழுக்கைப் போக்கும். அரபு நாடுகளில் சித்ர் இலைத்தூளைத் தலைமுடிக்குப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

சீன மருத்துவத்தில் புளிப்பு இலந்தை எனப்படும் ஒரு வகையின் கொட்டைப் பருப்பு தூக்கமின்மைக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது.

சத்தும் அறிவியலும்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சைச் சீன இலந்தையில் 79 கிலோ கலோரி ஆற்றல், 20 கிராம் மாவுச்சத்து, 69 மில்லிகிராம் வைட்டமின் சி, 250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளன. நம் நாட்டு இலந்தையிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. ரகத்துக்கும் பழுத்த பருவத்துக்கும் ஏற்ப அளவு மாறும். நெல்லியும் கொய்யாவும் இதைவிட மேல். ஆனால் ஆப்பிளும் வாழையும் இதற்கு எட்டாத தூரத்தில் நிற்கின்றன. வைட்டமின் சி ஈறுகளைக் காக்கிறது, புண் ஆறத் துணை செய்கிறது, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. இரத்தசோகை பரவலாக உள்ள நம் கிராமங்களுக்கு இந்தக் கடைசிப் பயன் மிக வேண்டியது.

உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு குறைந்து, சர்க்கரை செறிவாகிறது. சத்துக்காக உண்பவர்கள் புதுப் பழத்தையே நாட வேண்டும்.

பாலிபீனால், பலசர்க்கரை, சபோனின் ஆகியவை குறித்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. கொட்டைப் பருப்பின் ஜுஜுபோசைடுகள் விலங்குகளில் அமைதியூட்டுவது தெரிந்திருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. மனிதரிடம் நடந்தவை சிறிய அளவிலானவை. இலந்தை புற்றுநோயைத் தீர்க்கும், நீரிழிவைப் போக்கும் என்ற பேச்சுகளுக்கு ஆதாரம் இல்லை. இது நல்ல உணவு. நோய்க்கு மருத்துவர் தரும் மருந்தின் இடத்தில் இதை வைக்கக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள் உலர்ந்த பழத்தையும் வெல்லம் சேர்த்த வடையையும் அளவோடு உண்ண வேண்டும். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் இலந்தைக் கொட்டைச் சாறு, மாத்திரை போன்றவற்றை மருத்துவரைக் கேளாமல் சேர்க்கக்கூடாது. சீன இலந்தைக் கொட்டையின் கூர்மையான முனைகள் உணவுக்குழாயையும் குடலையும் கிழித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறு குழந்தைகளுக்குக் கொட்டையை நீக்கியே தர வேண்டும். பழ ஈயின் புழு உள்ளே இருக்கக்கூடும் என்பதால் பழத்தைப் பிட்டுப் பார்த்து உண்பது நல்லது.

பிற பயன்களும் சாகுபடியும்

மரக்கட்டை உறுதியானது, ஏர்க்கருவிகளுக்கும் கட்டில் கால்களுக்கும் உதவும். கரியும் நன்றாக இருக்கும். அரக்குப் பூச்சி வளர்க்கப் பயன்படும் மரங்களில் இதுவும் ஒன்று. இலை ஆடுமாடுகளுக்குத் தீவனம். முள்கிளை வயலுக்கு வேலி.

நாட்டு இலந்தையின் நாற்றில் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டித் தோட்டங்கள் அமைக்கிறார்கள். உம்ரான், கோலா, பனாரசி, கைத்தலி ஆகியவை பெயர்பெற்ற ரகங்கள். அண்மைக் காலத்தில் தாய்லாந்திலிருந்து வந்த ஆப்பிள் இலந்தையும் பரவியுள்ளது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இப்பயிரில் நெடுநாள் ஆய்வு செய்துவருகிறது. அந்தந்த ஆண்டின் புதுக்கிளையில்தான் காய் பிடிக்கும் என்பதால் கோடையில் கவாத்து செய்வது கட்டாயம். பழ ஈயும் சாம்பல் நோயும் முதன்மையான தொல்லைகள். உவர் நிலத்தையும் தாங்கி வளரும் இம்மரம் வட ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் களையாகப் பரவி வருகிறது. அதன் சொந்த மண்ணான இந்தியாவிலோ புறம்போக்கு நிலங்கள் சுருங்கச் சுருங்கக் காட்டிலந்தை குறைந்து வருகிறது. வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் இலந்தையை வெறும் முள் என்று வெட்டாமல் விட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் மூன்று மாதம் பழம் கிடைக்கும்.