ஒரே ஒரு நகல்!

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலேயே பதிவு செய்து வைப்பது வெறும் பொழுதுபோக்கா? ஜப்பானில் நடந்ததைப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

1960களில் வீடியோ டேப்பின் விலை மிக அதிகம். அதனால் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., ஒளிபரப்பிய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவு செய்தது. 1964 முதல் 1969 வரை 1224 பகுதிகளாக வந்த 'ஹியோக்கோரி ஹியோதான்ஜிமா' என்ற பொம்மலாட்டத் தொடரில், விரல்விட்டு எண்ணக்கூடிய பகுதிகளே மிஞ்சின. பிற்காலத்தில் அந்த நிறுவனமே, "உங்கள் வீட்டில் பழைய பதிவுகள் இருந்தால் கொடுங்கள்" என்று பொதுமக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று!

1975-ல் சோனியின் பீட்டாமேக்ஸும், 1976-ல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முறையும் வந்தன. ஹாலிவுட்டின் யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் சோனி மீது வழக்குத் தொடர்ந்தன. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதரவு 5, எதிர்ப்பு 4. ஒரே ஒரு நீதிபதிதான் வித்தியாசம்.

1999 டிசம்பரில் பயனியர் நிறுவனம் ஜப்பானில் டிவிடி ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேப்பைப் போலச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம், வேண்டிய நிகழ்ச்சிக்கு நேராகப் போய்விடலாம். 4.7 ஜிபி டிவிடி ஒன்றில் சாதாரணத் தரத்தில் சுமார் 2 மணி நேரம் பதியலாம். அடுத்து ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்த ரெக்கார்டர்கள் வந்தன. முதலில் ஹார்டு டிஸ்க்கில் பதிந்து, விளம்பரங்களை வெட்டி, பிடித்ததை மட்டும் டிவிடிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

2003 டிசம்பரில் அங்கு தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது. டேப்பை நகலெடுக்க எடுக்கப் படம் மங்கும். டிஜிட்டலில் நூறாவது நகலும் அசலைப் போலவே இருக்கும். உரிமையாளர்கள் பயந்ததற்குக் காரணம் இதுதான். அதனால் 2004 ஏப்ரலில் 'ஒரு முறை மட்டும் நகல்' என்ற கட்டுப்பாடு வந்தது.

ஹார்டு டிஸ்க்கில் பதிவதே அந்த ஒரு நகலாகக் கணக்கிடப்பட்டது. டிவிடிக்கு மாற்றினால் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும். பாதியில் டிவிடி பழுதானால்? இங்கும் இல்லை, அங்கும் இல்லை! அதோடு, இதற்கென்றே தயாரித்த டிவிடிகளில்தான் பதிய முடியும். பழைய பிளேயர்கள் பல அவற்றை ஏற்காது. முறையாகக் காசு கொடுத்துக் கருவி வாங்கியவர்கள்தான் அவதிப்பட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 2008 ஜூலை 4 முதல் 'டப்பிங் 10' முறை அமலுக்கு வந்தது. அதாவது 9 நகல்கள் எடுக்கலாம், பத்தாவது முறை மாற்றும்போது ஹார்டு டிஸ்க்கில் உள்ளது அழியும்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஹார்டு டிஸ்க்கில் உள்ள பதிவு, பொதுவாக அதைப் பதிந்த ரெக்கார்டரில் மட்டுமே ஓடும். கருவி கெட்டால் பதிவும் போயிற்று. டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரேயிலும், பதிவு செய்யும் டிஸ்க்குகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்திவிட்டது.

ஒளிபரப்பியவர்களே அழித்ததை, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்த டேப் காப்பாற்றியது. அதே முறையில் இயங்கும் வேறு கருவியில் போட்டாலும் அது ஓடியதால்தான் அது முடிந்தது. இன்று பூட்டி வைத்திருக்கும் பதிவுகளை நாளை யார் திறப்பார்கள்?