குறத்தி பெத்லகேமுக்குப் போன கதை

2018-ல கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் இயேசு பாட்டு பாடுறாங்கன்னு சண்டை நடந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? என்னமோ நேத்து முளைச்ச வழக்கம் மாதிரி!

1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய் படிக்க வச்சார். பின்னாடி அவரை ஆதரிச்சது சரபோஜி மன்னர்.

நம்ம ராயகிரி பக்கம் குற்றாலக் குறவஞ்சி தெரியாதவங்க உண்டா? அதே வடிவத்துல சாஸ்திரியார் எழுதுனதுதான் ‘பெத்லகேம் குறவஞ்சி’. குறி சொல்ற குறத்திதான் அதுல விசுவாசம்!

இதுல வேடிக்கை, அவர் பாட்டைக் கோயிலுக்குள்ள வேண்டாம்னது பின்னால் வந்த மிஷனரிகள். (சாதியை விடச் சொன்னப்ப எதிர்த்தவரும் இவரேதான். அதையும் சொல்லணும்ல.)

1853-ல் எட்வர்ட் வெப் என்ற இன்னொரு மிஷனரி, சாஸ்திரியார் பாட்டுகளையும் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பு போட்டார். அப்ப சாஸ்திரியாருக்கு எண்பது வயசு நெருங்கியிருந்துச்சு.